தமிழில் தவறியவள்

1

என் மகள் ராஜத்துக்கு வருகிற வைகாசியில் கல்யாணம். மாட்டுங்காவில்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகைக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன். ராஜம் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

“தமிழ்ல எதுக்கும்மா? இங்கிலீஷ்ல அடிச்சாப் போறும். இங்க யார் தமிழ் படிக்கறா?”

“உங்கம்மா படிக்கறா. அதுக்குத்தான் ஸ்கூல்ல சம்பளமே குடுக்கறா” என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

“சலோ, அப்ப அம்மாவுக்கு மட்டும் ஒண்ணு தனியா அடிச்சுடலாம்.”

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஸ்டெனோவாக இருக்கிறாள். ஆபீசில் இங்கிலீஷ், ரயிலில் ஹிந்தி, பக்கத்து வீட்டில் மராத்தி என்று நாள் முழுவதும் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து எங்களோடு பேசும்போது அவளுடைய தமிழ் கொஞ்சம் களைத்துப்போயிருக்கும். படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள். மெட்ரிகுலேஷனில் தமிழை எடுத்து நல்ல மார்க் வாங்கித் தேறினவள் என்று சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். சில சமயம் எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

கடைசியில் கொஞ்சம் தமிழிலும் அடிப்பது என்று முடிவாயிற்று. அதே வாரத்தில் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். ஜூன் மாதத்திலிருந்து மேல் வகுப்புகளுக்குத் தமிழ் இல்லையாம். போதுமான பிள்ளைகள் சேரவில்லை. சமஸ்கிருதம் எடுத்தால் மார்க் வருகிறது, பிரெஞ்சு எடுத்தால் இன்னும் வருகிறது, ஹிந்தி எடுத்தால் சர்க்கார் உத்தியோகத்துக்கு ஆகும் என்று பெற்றோர் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் வேறு யாரும் இல்லை, கச்சேரி என்றால் முன்வரிசையில் வந்து உட்காருகிற நம் மாட்டுங்காக்காரர்கள்தான். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. பிள்ளைக்கு ஒரு வேலை கிடைப்பதற்காகத்தானே எல்லோரும் ஊரை விட்டு வந்தோம்.

அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது என் பழைய மாணவி ஞானத்தின் நினைவு வந்தது. தமிழ்ப் பத்திரிகையில் ஒன்றை நேரில் கொண்டுபோய் அவளிடம் கொடுப்பது என்று அப்போதே தீர்மானித்தேன். அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் பாலக்காட்டுப் பக்கத்துப் பெண். மெட்ராஸில் சித்தி வீட்டில் இருந்து தமிழ் வித்வான் பட்டத்துக்குப் படித்தேன். அங்கே என் பேச்சைக் கேட்டுக் கூடப் படித்தவர்கள் சிரிப்பார்கள். பாதி மலையாளம் என்பார்கள். அதனால் பேசும்போது அஞ்சி, எழுதும்போது தைரியமாக இருக்கக் கற்றுக்கொண்டேன். கணவருக்கு ரயில்வே கணக்கு ஆபீசில் வேலை என்பதால் முப்பத்தெட்டில் பம்பாய் வந்தோம். யுத்தம் தொடங்கியதும் எங்கள் பேட்டைப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் ராணுவக் கணக்கு ஆபீசுக்குக் கூடுதல் சம்பளத்தில் போய்விட்டார். அந்த நாற்காலி எனக்கு வந்தது.

பாடத்திட்டம் என்று ஒன்று இருந்தது. செய்யுள் திரட்டு, இலக்கணம், கட்டுரை. கட்டுரைக்கு ‘விடியற்காலை’, ‘சிக்கனம்’, ‘பிரிவு’, ‘நூலகத்தின் பயன்’ என்று வழக்கமான தலைப்புகள். அவற்றுக்கு மாதிரி விடைகள் உண்டு. பிள்ளைகள் அவற்றை நெட்டுருப் போட்டு வந்து இறக்கிவைப்பார்கள். ஒரே விடியற்காலையை இருபது பேர் எழுதி நான் திருத்துவேன். எல்லா விடியற்காலையிலும் சேவல் கூவும். மாட்டுங்காவில் சேவல் ஏது? பால்காரப் பையாவின் சைக்கிள் மணிதான்.

சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் காலியாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். திரட்டில் இல்லாத பழைய அகப்பாட்டுகளை அந்த நேரத்தில் படித்துக் காட்டுவேன். அந்தப் பாட்டுகளில் எனக்குப் பிடித்த விஷயம், கவி தன் வாயால் எதையும் சொல்லமாட்டார். ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் பேசுவார், நாம் பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி இருக்கும். யார் பேசுகிறார், யாரிடம், எந்த வேளையில் என்று மட்டும் கீழே ஒரு வரி இருக்கும். படித்து முடித்ததும் பிள்ளைகளிடம், “உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் பேசட்டும். யாரிடம், எப்போ பேசறார்னு மேலே எழுதுங்கோ. கீழே அவர் பேசறதை எழுதுங்கோ” என்பேன்.

முதலில் திகைத்தார்கள். பிறகு வந்தது. ஒரு பையன், டிராமை விட்டுவிட்ட குமாஸ்தா தன் குடையிடம் பேசுவதாக எழுதினான். ஒருத்தி, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கும் மாமி முன்னால் நிற்கும் மாமியின் முதுகிடம் பேசுவதாக எழுதினாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. என் மகள் ராஜமும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். அவள் எழுதியது எதுவும் எனக்கு நினைவில்லை. எழுதாமல் தப்பித்ததுதான் அதிகம்.

3

ஞானசுந்தரி தாராவியிலிருந்து வருவாள். அவள் அப்பா சாமுவேல், தோல் பதனிடும் இடமொன்றில் மேஸ்திரி. திருநெல்வேலிப் பக்கம், கிறிஸ்தவர்கள். மிஷன் பள்ளியில் படிக்க முடிந்த மட்டும் படித்துவிட்டு, மேல் வகுப்புக்குத் தமிழ் இருக்கிற பள்ளிக்கூடம் தேடி எங்களிடம் வந்து சேர்ந்தாள். வகுப்பில் முதல் நாள் அவள் பக்கத்தில் உட்கார யாரும் நகர்ந்து கொடுக்கவில்லை. தோல் வாடை என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. ராஜம் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெருந்தன்மை ராஜத்துக்கு எப்போதும் உண்டு. அன்று முதல் இருவரும் பிரியவே இல்லை.

ஞானம் அதிகம் பேசமாட்டாள். பேசினால் தெற்கத்திப் பேச்சு அப்படியே வரும். ஒரு சனிக்கிழமை நான் ஒரு பாட்டைப் படித்துவிட்டு, தலைவிக்காகத் தோழி பேசுகிறாள், தாயிடம் பேசுவதும் தலைவனிடம் பேசுவதும் அவள்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஞானம் கையைத் தூக்கினாள்.

“எல்லாத்துக்கும் தோழியே பேசுதாளே டீச்சர், தோழிக்கு யாரு பேசுவா?”

நான் படித்த உரை எதிலும் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. “நீதான் பேசணும். எழுதிண்டு வா” என்றேன்.

அடுத்த வாரம் எழுதி வந்தாள். ‘தோழி, கிணற்றடியில், தன்னிடமே’ என்று மேலே போட்டிருந்தாள். அதில் சில வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம்:

“அவன் வருவான்னு நாந்தான் சொன்னேன். மழை வரும்னும் நாந்தான் சொன்னேன். ரெண்டும் வரல. ரெண்டுக்கும் என்னையத்தான் வையுதா. வையட்டும். அவளுக்கு வைய நான் இருக்கேன். எனக்குக் கிணறுதான் இருக்கு, அதுலயும் தண்ணி இல்ல.”

அவளையே வாசிக்கச் சொன்னேன். ‘வையுதா’ என்ற இடத்தில் முன் பெஞ்சில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. முடிக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. ராஜம் என்னைப் பார்த்தாள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு வாத்தியார் வகுப்பில் கண் கலங்குவது நன்றாக இருக்காது.

வகுப்பு முடிந்ததும் ஞானத்தைத் தனியாக நிறுத்திச் சொன்னேன். “இது ரொம்ப நன்னா இருக்கு. ஆனா ஒண்ணு, பரீட்சைக்கு இப்படி எழுதப்படாது. அங்கே திருத்தறவருக்கு என்ன வேணுமோ அதைக் குடுக்கணும். முன்னுரை, பொருள், முடிவுரை, சுத்தமான நடை. தெரியறதா?”

“தெரியும் டீச்சர். பரீட்சைக்கு வேற, சனிக்கிழமைக்கு வேற.”

அதற்குப் பிறகு நான் வைத்த வகுப்புப் பரீட்சைகளில் எல்லாம் அவள் முன்னுரையும் முடிவுரையும் போட்டு, என்னைவிடச் சுத்தமான நடையில் எழுதினாள். மெட்ரிகுலேஷன் தேறி, டீச்சர் டிரெயினிங் முடித்து, தாராவியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேருவது அவள் கணக்கு. அவள் அப்பாவுக்கும் சம்மதம்தான்.

4

நாற்பத்திரண்டு தொடக்கத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பம்பாயே கிடுகிடுத்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். விக்டோரியா டெர்மினஸில் ஊருக்குப் போகிற பெண்களும் மூட்டைகளும் மலைபோலக் குவிந்தன. மாட்டுங்காவில் பாதி வீடுகளில் ஆண்கள் மட்டும் இருந்து சமையல் பழகினார்கள். சாமுவேல் மேஸ்திரியும் தன் மனைவியை ஊருக்கு அனுப்பினார். ஞானத்தையும் கூட அனுப்புவதாகத்தான் இருந்தது. படிப்பு கெட்டுவிடும், அப்பாவுக்கும் சோறு பொங்க ஆள் வேண்டும் என்று சொல்லி அவள் போகவில்லை.

குண்டு விழவில்லை. ஆனால் ஊருக்குப் போன அந்த அம்மாள் திரும்பவில்லை. அந்த வருஷக் கடைசியில் அங்கே விஷக் காய்ச்சலில் இறந்துபோனாள். செய்தி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அப்பாவும் பெண்ணும் போகக்கூட இல்லை.

ஞானம் ஒரு வாரம் கழித்து வகுப்புக்கு வந்தாள். நான் கிட்டே போய்த் தோளில் கை வைத்தேன். “பரீட்சைக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்கு டீச்சர்” என்றாள். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராஜத்திடமும் சொல்லவில்லையாம். சனிக்கிழமை வகுப்பில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் வற்புறுத்தவில்லை.

மார்ச்சில் பரீட்சை. தமிழ்த் தாள் முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். ராஜம் ஓடி வந்து, “அம்மா, கட்டுரைக்குப் பிரிவு வந்துடுத்து. நீ குடுத்ததை அப்படியே எழுதிட்டேன், ஒரு கமா விடலை” என்றாள். ஞானம் பின்னால் மெதுவாக வந்தாள்.

“நன்னா எழுதினியா?”

“எழுதினேன் டீச்சர்.”

முகம் தெளிவாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தை அப்படிப் பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

5

பரீட்சை முடிவு வந்த அன்று ராஜத்தின் எண் இருந்தது, ஞானத்தின் எண் இல்லை. மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். தமிழில் மட்டும் போய்விட்டது. ஒரு பாடத்தில் போனால் மொத்தமும் போன மாதிரிதான்.

நிச்சயமாகக் கூட்டலில் பிழை என்று எனக்குத் தோன்றியது. பல்கலைக்கழக ஆபீசுக்கு நானே போவது என்று கிளம்பினேன். ஞானத்தின் அப்பாவை அழைத்துப் போகலாம், ஆனால் அவருக்கு வேலை. என் கணவருக்கு லீவு இல்லை. எனக்கோ ஹிந்தி அரைகுறை. மாடிப்படி இறங்கும்போது எதிர் வீட்டு மங்களம் மாமியிடம் கேட்டேன். அவள் இருபது வருஷமாகப் பம்பாயில் இருப்பவள்.

“மாமி, தவறிட்டான்னு ஹிந்தியில எப்படிச் சொல்றது?”

“குஜர் கயீன்னு சொல்லணும். ஏண்டி, யாரு…”

டிராமுக்கு நேரமாகிவிட்டதால் நான் நிற்கவில்லை.

ஆபீஸ் வாசலில் ஒரு சிப்பாய். அவன் யாரையும் உள்ளே விடுவதாக இல்லை. நான் வார்த்தைகளைக் கூட்டிச் சேர்த்து, என் மாணவி, தமிழில், குஜர் கயீ என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. உடனே உள்ளே ஓடினான். கறுப்புத் தொப்பி வைத்த வயதான குமாஸ்தா ஒருவர் வெளியே வந்து, எனக்கு நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் வரவழைத்து, தணிந்த குரலில் இங்கிலீஷில் கேட்டார்: “எப்போது நடந்தது?”

“போன செவ்வாய்க்கிழமை.”

“சின்னப் பெண். தனியாகக் கடலுக்குப் போனாளா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவசர அவசரமாக, இல்லை, பெண் உயிரோடு இருக்கிறாள், பரீட்சையில் மட்டும்தான் தவறினாள் என்று என் ஓட்டை இங்கிலீஷில் விளக்கினேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “சில பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் ஆகிவிடுகிறது, பாயி. அதனால்தான் பயந்துபோனேன்” என்றார்.

அந்தப் பயத்தினாலோ என்னவோ, வாரக்கணக்கில் இழுக்கிற காரியத்தை அன்றே செய்து கொடுத்தார். என்னை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்த் தாளைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தார். கூட்டல் சரியாகவே இருந்தது. செய்யுளுக்கும் இலக்கணத்துக்கும் நல்ல மார்க். கட்டுரைக்கு மட்டும் பூஜ்யம்.

“எழுதவில்லையா?”

“பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். கூடுதல் தாள் வாங்கி எழுதியிருக்கிறாள். திருத்தினவர் கடைசியில் ஓரத்தில் ஏதோ எழுதியிருக்கிறார். உங்கள் எழுத்து, எனக்கு வாசிக்கத் தெரியாது.”

நான் பார்க்கலாமா என்று கேட்டேன். விதியில் இடமில்லை என்றார். என் முன்னால் அந்தக் கதவு இருந்தது. அதற்குப் பின்னால் ஏதோ ஒரு மேஜை மேல் அந்தத் தாள் இருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த நான் வெளியே உட்கார்ந்திருந்தேன், தெரியாத அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இன்னொரு தடவை கேட்டேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். முடியாது என்றார்.

“இந்தத் தாள்களை எல்லாம் பிறகு என்ன செய்வீர்கள்?”

“கொஞ்ச காலம் வைத்திருப்போம். அப்புறம் எடைக்குப் போட்டுவிடுவோம். யுத்த காலத்தில் காகிதத்துக்குத்தான் எவ்வளவு கிராக்கி.”

6

ராஜத்தையும் அழைத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். சயான் பக்கமாக இறங்கி நடந்தோம். அதுவரை நான் அந்தப் பக்கம் போனதில்லை. வீட்டில் மேஸ்திரி இருந்தார். பாயை விரித்து உட்காரச் சொன்னார். ஞானம் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். ராஜம் சட்டென்று எடுத்துக் குடித்தாள், பிறகு நானும் குடித்தேன். மாட்டுங்காவில் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

“ஞானம், திருத்தினவர் கட்டுரைக்குப் பூஜ்யம் போட்டு, ஓரத்துல ஏதோ எழுதியிருக்காராம். என்னதான் எழுதினே?”

“தலைப்புக்குத்தான் எழுதினேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மேஸ்திரியிடம் அடுத்த வருஷம் மறுபடி எழுதட்டும், நானே வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நீங்க எங்க வீடு தேடி வந்ததே பெரிசு டீச்சரம்மா. அவ அம்ம இருந்தா நானும் சரின்னு சொல்லிருவேன். இப்பம் நான் வேலைக்குப் போயிட்டா புள்ள ஒத்தையில கெடக்கு. அக்கம்பக்கம் ஒரு மாதிரிப் பேசுது. அம்பர்நாத்துல தீப்பெட்டி பேக்டரில ஒரு பையன் இருக்கான். எங்க ஊர்க்காரன்தான், குடி கிடி ஒண்ணும் கெடையாது. பேசி முடிச்சிட்டேன்.”

“ஒரு வருஷம்தானே? டீச்சர் ஆகணும்னு அவ ஆசைப்பட்டா.”

“ஆசைப்பட்டாதான். அதுக்குப் பாசாகணும்லா?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் ராஜம் எனக்கு முன்னால் நடந்தாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வந்ததும், “அம்மா, நான் மனப்பாடம் பண்ணி எழுதினேன், பாஸ். அவ சொந்தமா எழுதினா, ஃபெயில். அப்பறம் நீ என்னத்துக்கு அந்த சனிக்கிழமை கிளாஸ் வெச்சே?” என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை. தோழிக்காகக் கேட்டாள். ஆனால் என் மகள் தமிழை விட்டு விலகிப்போனது அந்த நடையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜூனில் காலேஜில் சேரும்போது பிரெஞ்சு எடுத்தாள். நான் தடுக்கவில்லை. சனிக்கிழமை வகுப்பை மட்டும் நிறுத்தாமல் வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வந்தார்கள், எழுதினார்கள், நன்றாகவும் எழுதினார்கள். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் குறைவாக வந்தார்கள். ஞானத்தைப் போல ஒருத்தி அப்புறம் வரவில்லை.

ஞானத்தின் கல்யாணத்துக்கு நானும் ராஜமும் தாராவியில் அவர்களுடைய கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனோம். பெண்ணும் மாப்பிள்ளையும் அம்பர்நாத்துக்கு வண்டி ஏறினார்கள். ராஜத்துக்கு அவள் முதலில் இரண்டு மூன்று கடிதம் போட்டாள். ராஜம் ஒன்றுக்கு இங்கிலீஷில் பதில் போட்டாள். அதன் பிறகு நின்றுவிட்டது.

7

போன சனிக்கிழமை கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குர்லாவில் வண்டி மாறி, கல்யாண் தாண்டி அம்பர்நாத். விலாசம் மேஸ்திரியிடம் வாங்கியிருந்தேன். அவர் இன்னும் தாராவியில்தான் இருக்கிறார், இருமல் அதிகமாகிவிட்டது. பேக்டரிக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். காற்றில் கந்தக நெடி. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுபிள்ளை என்னைப் பார்த்துவிட்டு மராத்தியில் அம்மாவைக் கூப்பிட்டது.

ஞானம் வெளியே வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டாள்.

“என்ன டீச்சர், இம்புட்டு தூரம் ஒத்தையிலயா வந்திய? ஒரு கார்டு போட்டிருந்தா நான் வந்திருப்பேன்லா.”

பத்திரிகையைக் கொடுத்தேன். அங்கேயே நின்றபடி முழுவதும் படித்தாள். எழுத்துக்கூட்டாமல், நிறுத்தாமல், மனத்துக்குள்.

“இது நீங்களே எழுதினதுதானே? யாரும் இப்படி ஆரம்பிக்கமாட்டாவ.”

இந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டு அதன் வாசகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

சாப்பிடச் சொன்னாள், சாப்பிட்டேன். ஷிஃப்ட் முடிந்து அவள் புருஷன் வந்தான். நல்ல மனுஷன், மேஸ்திரி சொன்னது சரிதான். அந்த வரிசையில் ஊருக்குக் கடிதம் எழுதத் தெரியாத பெண்களுக்கெல்லாம் ஞானம்தான் எழுதிக் கொடுக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னான். நான் அந்தச் சமயம் பார்த்துப் பேச்சை எடுத்தேன். இப்போது பிரைவேட்டாக எழுதலாம், தமிழ் ஒன்றில்தானே போயிற்று, மற்றதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, நான் வந்து சொல்லிக் கொடுக்கிறேன், பாஸானால் இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்றேன்.

“எழுதட்டும் டீச்சர். நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?” என்றான் அவன்.

ஞானம் சின்னவளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். “இல்ல டீச்சர். வேண்டாம்” என்றாள்.

திரும்பும்போது குழந்தைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு என்னோடு ஸ்டேஷன்வரை வந்தாள். பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். வண்டிக்கு நேரம் இருந்தது.

“உனக்குப் பரீட்சைக்கு எழுதத் தெரியாம இல்லை. அன்னிக்கும் தெரியும். அப்பறம் ஏன் ஞானம்?”

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நீங்க குடுத்த முன்னுரைய எழுதத்தான் பேனாவ எடுத்தேன் டீச்சர். பிரிவுங்கிறது மாந்தர்க்கு இயல்பேன்னு ஆரம்பிக்கும்லா. மாந்தர்னு எழுதினேன், அதுக்கு மேல கை ஓடல. அடிச்சிட்டேன். எங்கம்ம ஊருக்குப் போறா, ரயில்ல பக்கத்துல இருக்க ஒரு பொம்பளகிட்ட என்னையப் பத்திப் பேசிக்கிட்டே போறான்னு எழுத ஆரம்பிச்சேன். எங்கம்ம எப்படிப் பேசுவாளோ அப்படியே. எங்க நிறுத்தணும்னு தெரியல. அவ எறங்குத ஊரு வர்றதுக்கும் மணி அடிக்கிறதுக்கும் சரியா இருந்திச்சு.”

“என்ன சொன்னா உங்கம்மா?”

“அதெல்லாம் இப்பம் சொன்னா வராது டீச்சர். அன்னிக்கு வந்திச்சு.”

“பெயிலாயிடுவேன்னு தெரிஞ்சுதானே எழுதினே?”

“எழுதுறப்பத் தெரியல. வெளிய வந்ததும் தெரிஞ்சிச்சு. ஆனா சங்கடமா இல்ல. அப்பாதான் ரொம்பச் சங்கடப்பட்டாவ.” என் பக்கம் திரும்பிக் கேட்டாள். “ஓரத்துல ஏதோ எழுதியிருந்தார்னு சொன்னியள்லா அப்பம். பூஜ்யம் போடணும்னாலும் கடைசி வரைக்கும் வாசிச்சிருப்பார்தானே டீச்சர்?”

“கடைசியிலதான் எழுதியிருந்தாராம். வாசிச்சிருப்பார்.”

“அது போதும்” என்றாள்.

வண்டி வந்தது. ராஜத்தின் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவதாகச் சொல்லி என்னை ஏற்றிவிட்டாள்.

அந்தத் தாளைத் திருத்தினவர் யார், எந்த ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆறு வருஷமாக அந்த மனுஷர்மேல் தீராத கோபம் வைத்திருந்தேன். நான் அந்தப் பெண்ணுக்கு மூன்று வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். அவள் எழுதியதிலேயே பெரியதை முன்பின் தெரியாத ஒருவர், திருத்த வேண்டிய கட்டுக்கு நடுவில், சிவப்பு மசிப் பேனாவோடு உட்கார்ந்து முழுவதும் படித்திருக்கிறார். கல்யாண் ஸ்டேஷன் வருவதற்குள் என் கோபம் போய்விட்டது. அவர்மேல் எனக்கு இப்போது இருப்பது பொறாமை.